இரும்புச் சிலுவையும் தகர வில்லையும்

“அவன் பெரிய எம்டன்” என்று நம்மவர் பேசக் கேட்டிருக்கிறோம். எவருக்கும் அடங்காதவன், கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு மறைந்துவிடும் சாமர்த்தியசாலி என்பது அதன் பொருள். ஜேர்மன் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் தமிழ் நாவில் ஒட்டிக்கொண்ட கதை பலரும் அறிந்ததே. 1914 செப்டெம்பர் 22ஆந் திகதி இரவு அக்கப்பல் சென்னைக்கு முன்னே தோன்றி ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது; பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகள் பற்றியெரிந்தன; பட்டணத்துச் செல்வர் பலர் மூட்டை கட்டினர். அதே ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி கொக்கோஸ் தீவுகளுக்கு அருகே அவுஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி அதனைத் தாக்கி அழித்தது. உயிர் தப்பிய மாலுமிகள் கைதிகளாகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர்.

பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. உலோகம் வேறிடங்களுக்குப் போயிற்று. ஜேர்மனியர் பின்னர் கட்டிய மற்றோர் எம்டன் கப்பலின் முகப்பிலே இரும்புச் சிலுவைச் சின்னத்தைப் பொறித்து, பழைய கப்பலின் புகழை நிலைநாட்டினர். வென்றவரும் சும்மா இருக்கவில்லை. எம்டனில் அகப்பட்ட மெக்சிக்கோ வெள்ளி டொலர்களுள் 1,000 நாணயங்களைச் சிட்னி நகரத்துக் கெர் என்னும் நகை வணிகரிடம் கொடுத்துப் பதக்கங்களாக்கினர். கப்பலிலே பணியாற்றியோருக்கு வழங்கியது போக எஞ்சியவை பொதுமக்களுக்கு விலைக்கு விற்கப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட மனிதர் கருகிச் செத்த ஒரு காலைப் பொழுதை விலை கொடுத்து வாங்கிச் சட்டைப் பையிலே போட்டுக்கொள்ளலாம் என்ற வசதி அன்றே தொடங்கிவிட்டது.

இன்று அந்த வசதி உலகெங்கும் விரிந்த வியாபாரம். பழம்பதக்கம் சேர்ப்போர் என்றொரு கூட்டம் உண்டு. அவர்களுள் ஜேர்மன் இராணுவப் பதக்கங்களைச் சேர்ப்போர் தனிச் சாதி. பதக்கம் எந்தப் பட்டறையிலே செய்யப்பட்டது என்பதை அதன் மேலுள்ள நுண்ணிய முத்திரையைக் கொண்டு கண்டறிவது அவர்களது கலை. இக்கட்டுரை அக்கலையைப் பற்றியது. அதனை இகழ்வது நமது நோக்கமன்று. அது எங்கே தொடங்கி எங்கே நின்றுவிடுகிறது, ஏன் அவ்விடத்திலே நின்றுவிடுகிறது என்பதே நமது கேள்வி.

முதலிலே கலையைப் பார்ப்போம். 1914ஆம் ஆண்டின் இரும்புச் சிலுவை மூன்று துண்டுகளாலானது. நடுவே கருமை பூசிய இரும்புத் தகடு. அதனை இருபுறமும் கவ்வி நிற்கும் வெள்ளிச் சட்டங்கள் இரண்டு. சட்டங்கள் விளிம்பிலே பற்றாசு வைத்து இணைக்கப்பட்டிருக்கும். காந்தத்தை அருகே கொண்டுபோனால் நடுப்பகுதி இழுக்கவேண்டும். இழுக்காவிட்டால் வாங்குவோனுக்கு ஐயம் பிறந்துவிடும். இரண்டாம் வகுப்புச் சிலுவையாயின் நாடா கோக்கும் வளையத்திலும், முதலாம் வகுப்பாயின் பின்புறத்திலோ ஊசியிலோ உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து முத்திரையைத் தேடுவர். 800 என்ற எண் தென்பட்டால், ஆயிரத்தில் எண்ணூறு பங்கு வெள்ளி என்று பொருள். அதனருகே சி, டி என்ற எழுத்துக்கள் இருந்தால், நகைத் தொழிலுக்குப் பேர்போன போர்ஸ்ஹைம் நகரத்துக் கார்ல் டில்லேனியுஸ் பட்டறை. பெர்லின் நகரத்து வாக்னர், கோடெட் ஆகியோரின் குறிகள் கிடைத்தால் சேகரிப்போன் முகம் மலர்ந்துவிடும். அவர்கள் பேரரசின் மிக உயர்ந்த வீர விருதையே வார்த்துக் கொடுத்தவர்கள்.

ஹிட்லர் காலத்துப் பதக்கங்களிலே இக்கலை மேலும் நுட்பமடைகிறது. 1941இல் விருது செய்யும் முதலாளிகளின் சங்கமொன்று வழிமுறை வகுத்தது. கடைகளிலே தனிப்பட்ட முறையில் விற்பனையாகும் பதக்கங்களுக்கு எல் என்ற எழுத்தும் சாய்கோடும் ஓர் எண்ணும். அரச அதிபரின் செயலகம் வழங்குவதற்காக வாங்கும் பதக்கங்களுக்கு வெறும் எண். மியூனிச் நகரத்து டெஷ்லர் நிறுவனம் செயலகத்துக்கு 1. பெர்லின் யுங்கர் 2. லூடன்ஷைட் டொய்மர் 3. அதே ஊரைச் சேர்ந்த ஸ்டைன்ஹவர் - லூக் 4. இதே நிறுவனங்களுக்கு வணிக எண்கள் வேறு: டெஷ்லருக்கு எல் 10, டொய்மருக்கு எல் 11, யுங்கருக்கு எல் 12, ஸ்டைன்ஹவருக்கு எல் 16. இரண்டு எண்களும் ஒரே பதக்கத்தில் ஏறியிருந்தாலோ, எழுத்தின் வடிவு சற்றே பிசகியிருந்தாலோ, வார்ப்பச்சிலுள்ள நுண்ணிய விரிசலின் தடம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாவிட்டாலோ, நிபுணர்கள் கூடி மாதக்கணக்கில் வழக்காடுவர். நம் புலவர்கள் ஒரு சீர்க்கு எத்தனை பாடபேதம் கண்டார்களோ அத்தனையும் ஒரு வளையத்துக்கு இங்கே உண்டு.

இவ்வளவு பொறுமையும் கூர்மையும் பாராட்டத்தக்கன. ஆனால் இந்த நிபுணர் எழுப்பும் வினா ஒன்றே ஒன்று: “இது அசலா, போலியா?” அதற்கு விடை கிடைத்தவுடன் உருப்பெருக்கி மேசைக்குத் திரும்பிவிடுகிறது, விலைச்சீட்டு எழுதப்படுகிறது. முத்திரை வாய் திறந்து பேசத் தொடங்கும் இடத்திலே அவர் காதை மூடிக்கொள்கிறார்.

அது என்ன பேசுகிறது? ஒரே நிறுவனத்துக்கு இரண்டு எண் எதற்கு? அரசாங்கம் மார்பிலே குத்திய சிலுவை ஒன்று. தேய்ந்துபோகாமல் அதனைப் பெட்டியிலே வைத்துவிட்டு அன்றாடம் அணிவதற்காக அதிகாரி கடையிலே காசு கொடுத்து வாங்கிய சிலுவை மற்றொன்று. வீரம் இருமுறை விலைபோயிற்று. இரு விலையும் சென்றடைந்த கல்லாப்பெட்டி ஒன்று. சங்கம் அமைத்து எண் பகிர்ந்துகொண்டது எதற்காகவென்றால், இலாபத்தின் எல்லைக்கோடுகள் ஒழுங்காக இருப்பதற்காக. கிழக்கிலே ருஷ்யக் கிராமங்கள் எரிந்துகொண்டிருந்த ஆண்டு அது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

உலோகமும் பேசுகிறது. போரின் தொடக்கத்திலே செப்புக் கலவையில் நேர்த்தியாகச் செய்யப்பட்ட சின்னங்கள், போர் நீண்டு செம்பு குண்டுறைகளுக்குத் தேவைப்பட்டபோது மலிவான துத்தநாகத்துக்கு இறங்கின. பூசிய பொன்னிறம் கழன்று சாம்பல் நிறம் வெளியே தெரியும் அப்பதக்கங்களைச் சேகரிப்போர் ‘பிற்காலத்தவை’ என்று வகைப்படுத்தி விலையைக் குறைக்கின்றனர். தோற்றுக்கொண்டிருந்த ஓர் ஆட்சி, தன் பிள்ளைகளைச் சாவுக்கு அனுப்பும்போது அவர்கள் மார்பிலே குத்தவும் நல்ல உலோகம் இல்லாமற் போன கதை அந்தச் சாம்பல் நிறத்திலே இருக்கிறது.

போருக்குப் பின் நடந்தது இன்னும் தெளிவானது. 1957இல் மேற்கு ஜேர்மனி சட்டமியற்றி, பழைய போர் விருதுகளைச் சுவஸ்திகச் சின்னம் நீக்கி அணியலாம் என்று அனுமதித்தது. சுவஸ்திகம் இருந்த இடத்திலே ஓக் மரத்து இலைகள் வந்தன. ஸ்டைன்ஹவர் - லூக் நிறுவனம் புதிய வடிவங்களையும் அடித்தது. 1951இல் ஏற்படுத்தப்பட்ட குடியரசின் சிவில் விருதையும் செய்து கொடுத்தது. ஆட்சி போயிற்று, கொடி போயிற்று, தலைவன் பதுங்குகுழியிலே செத்தான். பட்டறை மட்டும் நின்றது. எந்த அரசு வந்தாலும் விருது வேண்டும். விருதுக்கு அச்சு வேண்டும். அச்சு முதலாளியிடம் இருக்கிறது.

“நாங்கள் சரித்திரத்தைக் காப்பாற்றுகிறோம், அரசியல் எங்களுக்கு வேண்டாம்” என்பர் சேகரிப்போர். இது கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் சந்தையை நோக்குவோம். ஒரே நிறுவனம் செய்த ஒரே விருது. சுவஸ்திகம் பொறித்த போர்க்காலச் சிலுவை கூடிய விலைக்கும், ஓக் இலை பொறித்த 1957ஆம் ஆண்டு வடிவம் குறைந்த விலைக்கும் போகின்றன. செய்தவன் கை ஒன்று, வேலைப்பாடு ஒன்று. அப்படியாயின் கூடுதல் தொகை எதற்காகக் கொடுக்கப்படுகிறது? அரிய பொருள் என்பர். இலட்சக்கணக்கிலே வழங்கப்பட்ட பொருள் அரிதாவது எங்ஙனம்? அந்த வேறுபாட்டுத் தொகை முழுவதும் அரசியலுக்குரிய விலை. அரசியல் வேண்டாமென்பவர் அரசியலைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார். முத்திரையைப் படித்து முடிக்காத கல்வி அவருக்கு வசதியாக இருக்கிறது.

இரும்புச் சிலுவையின் பிறப்பிலே ஒரு நியாயம் இருந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. 1813 மார்ச்சில், நெப்போலியனுக்கு எதிரான போருக்காகப் பிரஷ்ய மன்னன் அதனை ஏற்படுத்தியபோது, படைவீரனுக்கும் தளபதிக்கும் ஒரே உலோகம், ஒரே வடிவம் என்றாயிற்று. பதவிக்கேற்பப் பதக்கம் என்றிருந்த காலத்திலே அது முன்னேற்றமே. ஆனால் அதே ஆண்டிலே குடிமக்கள் தம் பொன்னகைகளை அரசுக்குக் கொடுத்துவிட்டு இரும்பு நகைகளைப் பெற்றுக்கொண்டனர்; ‘இரும்புக்காகப் பொன்னைத் தந்தேன்’ என்ற வாசகம் அக்காலத்தது. 1914க்குப் பின் அதே வாசகத்தைப் பொறித்த இரும்புப் பதக்கங்கள் மீண்டும் வந்தன. பொன்னைக் கொடுத்தவர் வீட்டுப் பெண்கள். இரும்பைப் பெற்றவரும் அவர்களே. முதற் போரில் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட இரண்டாம் வகுப்புச் சிலுவைகள் வழங்கப்பட்டன என்றால், சமத்துவத்தின் அடையாளமாகப் பிறந்தது போர்த் தொழிற்சாலையின் கூலிச்சீட்டாக எவ்வாறு மாறிற்று என்று அறியலாம். (இடையிலே ஒரு செய்தி: 1918 ஆகஸ்டில் ஹிட்லர் பெற்ற முதலாம் வகுப்புச் சிலுவைக்கு அவனைச் சிபார்சு செய்த அதிகாரி ஹியூகோ குட்மன் ஒரு யூதர். பிற்காலத்தில் அவர் உயிர் தப்ப நாட்டை விட்டு ஓடவேண்டியதாயிற்று. எந்த வளையத்திலும் இதற்கு முத்திரை இல்லை.)

ஜேர்மனியரை மட்டும் பேசி நிறுத்துவது பிரித்தானியருக்குச் சாதகமாக முடியும். முதற் போருக்காக இங்கிலாந்து வழங்கிய யுத்தப் பதக்கத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 65 இலட்சம் பேருக்கு அது வெள்ளி. மூட்டை சுமந்தும் பதுங்குகுழி வெட்டியும் பாதை போட்டும் உழைத்த சீன, மோல்ட்டா, இந்தியத் தொழிற்படையினர் முதலிய 110,000 பேருக்கு அதே பதக்கம் வெண்கலம். மன்னன் தலை ஒன்று, குதிரை ஒன்று. உலோகம் மட்டும் வேறு. பிரித்தானியப் பதக்கங்களிலே விளிம்பைச் சுற்றிப் பெற்றவன் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்பன பொறிக்கப்படும். சேகரிப்போர் இதனைப் பெரிதும் மெச்சுவர். சீனத் தொழிலாளியின் பதக்க விளிம்பிலே எண் உண்டு, படையின் பெயர் உண்டு. அவன் பெயர் இல்லை. எண்ணாக வந்தான், எண்ணாகப் போனான்.

இவையெல்லாம் எங்கோ நடந்த கதைகள்; மாத்தளையிலே பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் படிக்கும் மாணவருக்கும் இவற்றால் ஆவதென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை வழியாகச் சிகிரியா போகும் பாதையில் இன்று உல்லாசப் பயணிகள் போகின்றனர். அங்கே இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானிய விமானத்தளம் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. விமானம் இறங்கச் சக்கரம் வேண்டும். சக்கரத்துக்கு இறப்பர் வேண்டும். 1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் கைக்குப் போனபின், நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் தலையாய ஊற்று இலங்கை. நாளைய மரம் எக்கேடு கெட்டாலும் இன்றைய பால் கிடைத்தாற் போதும் என்று மரங்கள் அளவுக்கு மீறி வெட்டப்பட்டன. உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களும் பிறவும் இறப்பர் தந்தன. விடியுமுன் பிரட்டுக்களத்திலே பேர் கொடுத்து, கத்தியும் வாளியுமாக மலையேறி, மழை வருமுன் சிரட்டைகளிலே பால் சேர்த்தவர்கள் நம் மக்கள். ஜேர்மன் பதக்கம் துத்தநாகத்துக்கு இறங்கிய அதே ஆண்டுகளிலே, இங்கே இறப்பர் மரத்தின் பட்டை எலும்பு வரை சீவப்பட்டது. இரண்டும் ஒரே யுத்தத்தின் இரு கணக்குகள்.

அந்த இறப்பரிலும் முத்திரை உண்டு. கட்டி அனுப்பிய பொதியின் மேலே தோட்டத்தின் பெயர் மைப்பதிவாக இருக்கும். தேயிலைப் பெட்டியிலும் அவ்வாறே. இலண்டன் மிஞ்சிங் லேன் தரகன் அந்தப் பெயரைப் பார்த்து, ஜேர்மன் சிலுவையைப் பார்க்கும் சேகரிப்போனைப் போலவே, தரத்தை மதிப்பிட்டான். பால் வெட்டியவள் பெயரோ கொழுந்து கிள்ளியவள் பெயரோ எந்தப் பெட்டியிலும் ஏறியதில்லை. வளையத்திலே டெஷ்லர், பொதியிலே தோட்டம். முத்திரை சொத்துரிமையின் கையெழுத்து. கை வலித்தவன் அதிலே இடம்பெறுவதில்லை.

இடம்பெறுவதில்லை என்று கூறியது முற்றும் சரியன்று. தொழிலாளிக்கும் ஓர் உலோகம் கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கை அரசாங்கம் ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஆங்கில ஆவணங்கள் அதனை ‘டின் டிக்கற்’ முறை என்று அழைக்கும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் பதிவு எழுத்தும் எண்ணும் உண்டு. அவற்றைப் பொறித்த சிறு தகர வில்லைகளைத் தோட்டத்துரை கங்காணியிடம் கொடுத்தனுப்புவான். கங்காணி திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலே ஆள் பிடித்து, ஆளுக்கொரு வில்லை கொடுப்பான். வில்லையைக் காட்டினால் முகாமிலே சோறும் கப்பலிலும் ரயிலிலும் இடமும் கிடைக்கும். செலவு அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கிலே எழுதப்படும்; தோட்டம் அதனைக் கங்காணி கணக்கிலே எழுதும்; கங்காணி தொழிலாளி தலையிலே எழுதுவான். இத்தனை கைமாற்றங்களுக்குப் பின் மலைக்கு வந்துசேர்ந்த மனிதன், ஒரு நாள் வேலை செய்யுமுன்பே கடன்காரன்.

இதற்கு முந்திய தலைமுறைக்குத் தகரமும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக மாத்தளைக்கு ஏறியவர்கள் அவர்கள். பசியாலும் கொள்ளைநோயாலும் அப்பாதையிலே விழுந்தவர் தொகை ஒழுங்காக எண்ணப்படவேயில்லை. மலையகத்துக்கு மாத்தளைதான் அவர்களது வாசல்.

இந்தத் தகர வில்லையும் இன்று சேகரிப்போர் சந்தைக்கு வந்திருக்கிறது. பழைய நாணயங்களோடும் கோப்பிக் காலத்து டோக்கன்களோடும் அடுக்கி வைத்து, எழுத்து இன்னது, எண் இன்னது, துளை நேராக இருக்கிறதா, துரு எவ்வளவு என்று வர்ணித்து விற்கிறார்கள். கப்பலின் கீழ்த்தளத்திலே ஒருவன் இறுகப் பற்றிக்கொண்டிருந்த பொருள் அது என்ற செய்தி அந்த வர்ணனைக்கு வெளியே நிற்கிறது. இரும்புச் சிலுவையிலே எந்தக் குருடு செயற்பட்டதோ அதே குருடு இங்கும். இதிலே வேதனை என்னவென்றால், ஜேர்மன் முத்திரைகளுக்காவது எண்ணுக்கு நேர் பட்டறைப் பெயர் எழுதிய பட்டியல்கள் அச்சாகி உலகம் முழுதும் உலாவுகின்றன. மாத்தளைப் பாடசாலையிலே பயிலும் ஒரு பிள்ளை, தன் பாட்டனாருக்கு முற்பட்டவர் எந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் உரியவராக வந்தார் என்று அறிய எந்தப் பட்டியலைப் புரட்டும்? ஆக்கிரமிப்பாளனின் ஊசிக்கு ஐந்து நூல். அடிமைப்பட்டவனின் வில்லைக்கு ஒரு வரியும் இல்லை என்பது நம் காலத்துக் கல்வியின் நிலை.

வில்லையோடு கூடவே ‘துண்டு’ என்ற கடிதமும் இருந்தது. இவன் இவ்வளவு கடன்பட்டவன், அதனைக் கட்டுவோர் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டு. 1921இல்தான் சட்டம் அதனை ஒழித்தது. தகரம் மனிதனைத் தோட்டத்துக்கு அனுப்பிற்று. காகிதம் அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் விற்றது. 1948இல் வேறொரு காகிதம் வந்தது. பிரசாவுரிமைச் சட்டம் என்ற பெயரிலே வந்த அது, யுத்தத்துக்கு இறப்பர் கொடுத்து மூன்றாண்டளவே ஆன மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு தலைநகர்களும் அவர்களை ஆள் கணக்கிலே பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் செய்தன. எஞ்சியோர் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. போரிலே தோற்ற நாட்டின் வீரன் 1957இல் தன் சிலுவையைத் திருத்தி அணிந்துகொண்டான். வென்ற அணிக்கு உழைத்த தோட்டத் தொழிலாளி அதே ஆண்டிலே வாக்குரிமை இல்லாதவனாகப் பிரட்டுக்களத்தில் நின்றான்.

ஆயுதம் ஏந்திய இலங்கையர் நிலை வேறா என்றால், எம்டன் அழிந்த அதே கொக்கோஸ் தீவுகளுக்கே திரும்பவேண்டும். 1942 மே மாதம் 8ஆந் திகதி இரவு, அங்கே பீரங்கிக் காவலில் நிறுத்தப்பட்டிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தம் பிரித்தானிய அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தனர். கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. தலைமை தாங்கிய கிரேஷன் பெர்னாண்டோ ஆகஸ்ட் 5ஆந் திகதி வெலிக்கடையிலே தூக்கிலிடப்பட்டார். அதே வாரத்தில் மேலும் இருவர். அவர்களது திட்டத்தின் சரி பிழை தனியே ஆராயத்தக்கது. யப்பானியரை மீட்பராகக் கருதியதை எவரும் ஏற்கமுடியாது. ஆயினும் 1914இல் அத்தீவிலே செத்த இரு தரப்பு மாலுமிகளுக்கும் பதக்கமும் நாணயமும் கப்பற்பெயரும் கிடைத்ததையும், 1942இல் அத்தீவிலிருந்து வந்த இலங்கையருக்குக் கயிறு கிடைத்ததையும் ஒரே தேசப்படத்திலே வைத்துக் கற்பிக்கலாமல்லவா?

நினைவுச் சின்னங்களை யார் யாருக்காக அணிவது என்ற போராட்டத்தில் இந்நாட்டு இடதுசாரிகள் புதியவர்கள் அல்லர். நவம்பர் 11ஆந் திகதி பொப்பிப் பூ விற்ற பணத்தில் பெரும்பகுதி இங்கிலாந்துக்கே போவதைக் கண்டு, 1931இல் ஏலியன் பெரேரா என்பார் அதற்கு மாற்றாகச் சூரியமல் விற்கத் தொடங்கினார். சூரியமல் என்பது நம் பூவரசம்பூ. பின்னர் இளைஞர் கழகத்தார் அதனை ஏற்று ஏகாதிபத்திய யுத்த எதிர்ப்பு இயக்கமாக்கினர். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறக்க அதுவும் ஒரு வித்து. அவர்கள் பொப்பியைப் பழித்ததோடு நிற்கவில்லை. வேறொரு பூவை மக்கள் சட்டையிலே குத்தினர்.

அந்த முறையே இங்கும் வேண்டும். சேகரிப்போரைப் பழிப்பதோடு நின்றால் நம் கை வெறுங்கையாகவே இருக்கும். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது அந்தப் பொறுமை: வளையத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம், எண்ணுக்கு எண் ஒப்பிடும் விடாமுயற்சி. கம்பளைப் பக்கத்திலே பழைய பீகொக் தோட்டத்து லயத்திலே தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் அமைந்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால் எல்லாவற்றையும் ஓரிடத்துக்கு அனுப்பிவிட்டு மாத்தளை ஓய்ந்திருக்கக் கூடாது. இறத்தோட்டையிலும் எல்கடுவையிலும் கம்மடுவையிலும் உக்குவளையிலும் லயத்துப் பரண்களிலே இன்னும் கிடப்பவை பல: தகர வில்லை அகப்படுவது அரிது, ஆனால் பேர்ப்புத்தகத்தின் கிழிந்த ஏடு, சம்பளச் சீட்டு, பிரசாவுரிமை விண்ணப்பத்தின் நகல், தேய்ந்த பால்வெட்டுக் கத்தி, பாட்டி தாலிக்கொடியோடு முடிந்து வைத்திருந்த ஏதோ ஓர் உலோகத் துண்டு. பழைய இரும்புக்காரன் இவற்றை நிறுத்து வாங்கிக்கொண்டு போகிறான். தகரத்துக்கு அவன் கொடுப்பது பேரீச்சம்பழத்துக்கும் காணாது.

உயர்தர வகுப்பிலே வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், பத்து மாணவர்களை ஒரு விடுமுறைக் காலத்துக்கு இவ்வேலையிலே ஈடுபடுத்தினாற் போதும். பொருளை வாங்கவேண்டாம், வீட்டாரிடமே இருக்கட்டும். இருபுறமும் படம் எடுத்து, எழுத்தும் எண்ணும் எந்த வடிவிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன, துளை எங்கே, விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குறித்து, அதற்குக் கீழே சேகரிப்போர் பட்டியலில் ஒருபோதும் காணப்படாத நிரல் ஒன்றையும் வரையவேண்டும்: வைத்திருந்தவர் பெயர், புறப்பட்ட ஊர், கூட வந்தவர், வழியிலே இறந்தவர், ஏறிய மலை, முதலாவது பிரட்டிலே அவர் பேருக்கு எதிரே எழுதப்பட்ட கடன் தொகை.